ஹைட்ராக்சிஅபடைட் ஈல்டு 112% வருது, எங்க இடிக்குது?

குடுவை_கழுவி: மக்களே ஒரு ஹெல்ப். எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு ஹைட்ராக்சிஅபடைட் பண்றேன், எலும்புல இருக்கே அந்த மினரல் தான். கால்சியம் நைட்ரேட் டெட்ராஹைட்ரேட் 23.6 கிராம், டைஅம்மோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 7.92 கிராம், அமோனியா விட்டு பிஎச் 10க்கு மேலயே வச்சு, ராத்திரி பூரா ஏஜிங் விட்டு ஃபில்டர் பண்ணி 80 டிகிரி ஓவன்ல காய வச்சா 11.3 கிராம் நிக்குது, தியரிட்டிக்கல், அதாவது கணக்குப்படி வர வேண்டியது, 10.05 தானே? அப்ப ஈல்டு 112% ஆகுது. சீனியர் ஒருத்தர் மோலார் மாஸ் 1004 இல்ல 502 போடுன்னாரு, போட்டா 225% வருது. கைடு கிட்ட எப்படி காட்றது

உப்புமூட்டை: 10.05 சரி தான் தம்பி. கால்சியம் 0.1 மோல், பாஸ்பேட் 0.06 மோல், ரேஷியோ 1.67, ரெண்டுமே சரியா தீரும். 10 கால்சியம் உள்ள ஃபார்முலான்னா 0.01 மோல், 5 கால்சியம் உள்ளதுன்னா 502, ஆனா மோல் 0.02 ஆயிடும். நீ 502 போட்டுட்டு மோலை அப்படியே விட்டுட்ட, அதான் 225.

கணக்குல ஒண்ணும் இல்ல, பவுடர்ல தான் இருக்கு. எவ்ளோ கழுவுன?

குடுவை_கழுவி: கொஞ்சம் தான் அண்ணா, ஜெல் மாதிரி பேப்பர்ல அடைச்சுக்கிட்டு தண்ணி இறங்கவே மாட்டேங்குது

உப்புமூட்டை: அதே தான். இந்த ரியாக்ஷன்ல 10 கிராம் சரக்குக்கு கூடவே 16 கிராம் அம்மோனியம் நைட்ரேட் வருது, அது பூரா கழுவுற தண்ணில தான் போகணும். சென்ட்ரிஃபியூஜ்ல போட்டு கழுவு, கழுவுன தண்ணிய பிளஸ் டூல நைட்ரேட்டுக்கு பண்ண பழுப்பு வளைய சோதனைல பாரு, வளையம் வராத வரைக்கும் கழுவு. கழுவாம ஃபர்னஸ்ல மட்டும் வச்சிடாத, அம்மோனியம் நைட்ரேட்ட சூடு பண்றது விளையாட்டு இல்ல. அப்புறம் 80 டிகிரிக்கு ஒட்டியிருக்குற தண்ணி முழுசா போகாது, 600ல வச்சு எடை மாறாம நிக்கிற வரைக்கும் பாரு, அந்த எடைக்கு ஈல்டு போடு.

சுண்ணாம்பு_டப்பா: நடுவுல வர்றதுக்கு சாரி. கால்சியம் நைட்ரேட் பாட்டில் ரொம்ப நாளா திறந்து கிடந்ததா? அது காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், நீங்க நிறுத்த 23.6ல கால்சியம் கம்மியா இருக்கலாம், ஈடிடிஏ டைட்ரேஷன் போட்டு கால்சியம் எவ்ளோன்னு பாத்துடுங்க.

குடுவை_கழுவி: நல்லா கழுவி 600ல வச்சேன், 9.4 கிராம்!! 93.5%. டைட்ரேஷனும் ஓகே. அப்ப முடிஞ்சுதா?

சுண்ணாம்பு_டப்பா: ஈல்டு முடிஞ்சுது, ஆனா அது அபடைட் தான்னு எடை சொல்லாதே. கால்சியம் குறைஞ்ச அபடைட்டும் இதே மாதிரி வெள்ளைப் பவுடரா தான் நிக்கும். கொஞ்சத்த மட்டும் 900ல சுட்டு எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே வச்சு என்ன படிகம்னு பாக்குறது) எடுங்க, பீட்டா டிசிபி (வேற ஒரு கால்சியம் பாஸ்பேட்) பீக் வந்தா கால்சியம்-பாஸ்பேட் ரேஷியோ 1.67க்கு கீழ போயிருக்குன்னு அர்த்தம், அப்ப 1004 போட்ட கணக்கே ஆடிடும். என்னைக் கேட்டா எக்ஸ்ஆர்டி இல்லாம இந்த ஈல்ட ரிப்போர்ட்ல எழுதவே கூடாது.

குடுவை_கழுவி: எக்ஸ்ஆர்டிக்கு க்யூ பெருசா இருக்கு, அதுவரைக்கும் டெசிகேட்டர்ல (ஈரம் படாம வைக்கிற மூடி போட்ட ஜாடி) வைக்கலாம்ல?

உப்புமூட்டை: தாராளமா. சிலிகா ஜெல் நீலமா இருக்கான்னு பாத்துட்டு வை.