படகில் போய் இறங்கும்போது இமிகிரேஷன், கஸ்டம்ஸ்: உங்கள் மனசில் நிற்பது எது?

அலைமேடு:
இந்தோனேசியாவின் பாத்தாம் தீவிலிருந்து ஜலசந்தியைக் கடந்து சிங்கப்பூர். இன்னும் சோதனை முடியவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடி ஏற்றியாச்சு, சிஸ்டர்ஸ் தீவுகள் பக்கம் இமிகிரேஷன் படகுக்காக வட்டமடித்தோம், அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். என்னால் மறக்க முடியாதது அந்த வலை. அவர்கள் படகு கிட்டே வந்தது, ஆனால் ஒட்டவில்லை. நீளமான கம்பு நுனியில், மீன் அள்ளுகிற மாதிரி ஒரு வலையை நீட்டினார்கள். எல்லார் பாஸ்போர்ட்டும், படகில் இருப்பவர்கள் பெயர் எழுதிய க்ரூ லிஸ்ட்டும், முந்தைய துறைமுகத்தில் கிளம்ப அனுமதித்துக் கொடுத்த கிளியரன்ஸும் ஒரே பையில் போட்டு அதில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து கப்பல்களை இழுக்கும் ஒரு டக் படகு கடந்துபோக, அதன் அலை வந்து அடித்து இரண்டு படகும் விலகி, வலை தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு இறங்கி ஏறியது. கம்பைப் பிடித்திருந்த அதிகாரி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எனக்கு உயிர் போய் வந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகத் திரும்பி வந்தது, ஆனால் இப்போதும் கண்ணை மூடினால் அந்தப் பைதான். வேறு எங்காவது இப்படி வாங்குகிறார்களா?

தெற்குவாடை:
என் மனசில் நிற்பது இலங்கையின் காலித் துறைமுகம். முகவர் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது, வெளியே நங்கூரமிட்டுக் காத்திருந்தோம், கடற்படையினர் ஏறிச் சோதித்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். 2006 ஒக்டோபரில் தாக்குதல் நடந்த துறைமுகம், அதனால் சோதனையைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. படகுக்காரர் டச்சுக்காரர், என்னிடம் கனடாக் கடவுச்சீட்டு. குடிவரவு அலுவலர் பிறந்த இடம் எழுதியிருந்த வரியில் நின்றுவிட்டார். யாழ்ப்பாணம். என்னைப் பார்த்தார், திரும்ப வரியைப் பார்த்தார். "எந்த ஊர்?" என்று தமிழில் கேட்டார். சொன்னேன். வேறொன்றும் கேட்காமல் முத்திரை குத்தித் தந்தார். அவ்வளவுதான் நடந்தது. பிறந்த நாட்டுக்குள் விருந்தாளியாக வந்து நின்ற அந்த அரை நிமிடத்தை நான் இன்னும் யாரிடமும் ஒழுங்காகக் கதைத்து முடிக்கவில்லை.

குவா ஜெட்டி:
அலைமேடு, வலைக்குப் பயப்படுவது எனக்குப் புரியவில்லை. அவ்வளவு நெரிசலான இடத்தில் படகை ஒட்டவிட்டால் உங்கள் படகு ஓரத்துக் கைப்பிடிக் கம்பி, ஸ்டாஞ்சன்தான் வளையும். அவர்கள் செய்வதுதான் சரி. நான் இறங்கியது மலேசியாவின் லங்காவி. குவா ஜெட்டியில் எல்லா கவுண்டரும் பக்கத்திலேயே, நிம்மதி. ஒரே ஒரு தடவை வேறொரு ஊரில், படகிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகவேண்டிய பையனை, விமான டிக்கெட் காட்டாமல் க்ரூ லிஸ்ட்டிலிருந்து எடுக்க மாட்டேன் என்று நிறுத்திவிட்டார்கள். அவன் அப்பா ஆஸ்பத்திரியில். கவுண்டர் முன்னாலேயே நின்று போனில் டிக்கெட் போட்டான், கை நடுங்கியது.
அதனால் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். கிளம்புகிற துறைமுகத்தில் போர்ட் கிளியரன்ஸ் வாங்காமல் கயிற்றை அவிழ்க்காதீர்கள், அடுத்த ஊரில் முதலில் கேட்பது அதைத்தான். க்ரூ லிஸ்ட் ஒரு கட்டு பிரிண்ட் எடுத்து வையுங்கள். இந்தோனேசியா போனால் படகு பெயரோடு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்ளுங்கள், அது இருந்தால் வேலை வேகமாக நடக்கும். கொச்சி, மும்பை போகிறவர்கள் துராயா, இரிடியம் சாட்டிலைட் போனை ரொம்பக் கவனமாகப் பாருங்கள், அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருப்பதே குற்றம், கைதானவர்கள் உண்டு. கிளியரன்ஸ் முடியாமல் கேப்டனைத் தவிர யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது, மஞ்சள் கொடி இறங்கின பிறகுதான் அந்த நாட்டுக் கொடி. ஆஸ்திரேலியாவுக்கு 96 மணி நேரம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

வடமுனை:
96 பழைய கணக்கு அண்ணே. நம்ம மாதிரி சின்னப் படகுகளுக்கு, அதாவது யாட் வகைக்கு 12 மணி நேரம் முன்னால் தெரிவித்தால் போதும், அதற்கும் முன்னால் சொன்னால் நல்லது. நான் ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினேன். அங்கே உள்ளே தண்ணீர் மட்டத்தை நிறுத்தும் மதகு வைத்த மரினாவுக்குள், அதாவது படகு நிறுத்தும் இடத்துக்குள், போவதற்கு முன்னால் டைவர் வந்து படகின் அடிப்பாகத்தைப் பார்த்து, கடல்தண்ணீர் குழாய்களுக்குள் மருந்து விடுவார். 1999இல் கறுப்புக் கோடு போட்ட ஒரு வகைச் சிப்பி அங்கே பரவி மரினாக்களையே மூடவேண்டி வந்ததால் இந்த ஏற்பாடு. அது எனக்குப் பிடித்திருந்தது. வலித்தது கறிவேப்பிலை. வெளிநாட்டுப் பூச்சியும் நோயும் உள்ளே வராமல் பார்க்கும் பயோசெக்யூரிட்டி பெண் அதிகாரி முட்டை, மாங்காய் எல்லாம் எடுத்துப் பையில் போட்டுவிட்டு, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த கொத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். "நல்ல வாசனை" என்றார். அப்புறம் பொறுமையாக விளக்கினார்: இது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, இதில் ஒட்டி வருகிற ஒரு சின்னப் பூச்சி ஆரஞ்சுத் தோட்டங்களையே கொல்லும் நோயைக் கொண்டுவரும், அந்த நோய் எங்கள் நாட்டில் இல்லை. அவர் சொன்னது முழுக்க நியாயம். அந்தக் கொத்து நான் கிளம்பும்போது என் அம்மா கட்டிக் கொடுத்தது.
கேப்டன் மட்டும் கரைக்குப் போகலாம் என்பதும் எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஆஸ்திரேலியாவில் அதிகாரிகள் படகுக்கு வந்து முடிக்கும்வரை கேப்டனும் இறங்கக் கூடாது. கேப்டன் போகலாம் என்பதை நம்பி யாரும் கரைக்குப் போகிற சின்னப் படகை, டிங்கியை, இறக்கிவிட வேண்டாம்.