காந்தம் வச்சதும் திரவ உலோகத்தின் ஓட்டம் குறையுது, செம்புக் குழாயில் மட்டும் ஏன்?

திருநகர் மாணவன்:
வணக்கம். மதுரையில் பொறியியல் கடைசி வருஷம். புராஜெக்டுக்கு காலின்ஸ்டான் (காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்த, அறை வெப்பத்திலேயே திரவமா இருக்கிற உலோகக் கலவை) ஓடுற ஒரு லூப் கட்டியிருக்கோம். சதுரக் குழாய், உள்ளளவு 10 மி.மீ., செம்புச் சுவர் 1 மி.மீ. ரெண்டு பக்கமும் நியோடிமியம் காந்தம், நடுவில் 0.5 டெஸ்லா, 10 செ.மீ. நீளத்துக்கு. காந்தத்தை வச்சதும் ஓட்டம் படுத்துடுது. அதே அளவு அக்ரிலிக் குழாயில் லேசாத்தான் குறையுது. செம்பைத்தான் காந்தம் இழுக்காதே, பிறகு எப்படி? ரிவ்யூ நெருங்குது, உதவுங்க.

கல்பாக்கம் அண்ணன்:
தம்பி, காந்தம் செம்பை இழுக்குதாங்கிறது இங்கே கணக்கே இல்லை. மின்னோட்டம் திரும்பி வர வழி இருக்காங்கிறதுதான் கேள்வி. உலோகம் புலத்துக்குக் குறுக்கே ஓடுறப்போ அதுக்குள்ள மின்னோட்டம் பிறந்து, ஓட்டத்தையே எதிர்த்துத் தள்ளும். அக்ரிலிக்கில் அது சுற்றி முடிய, காந்தமுனையைப் பார்த்த ரெண்டு சுவரையும் ஒட்டி ஓடுற மெல்லிய திரவ அடுக்குதான் வழி, அதுக்குப் பேரு ஹார்ட்மன் படலம். உங்க ஹார்ட்மன் எண் (திரவத்தின் பிசுபிசுப்பை விட காந்த விசை எவ்வளவு ஓங்கியிருக்குன்னு காட்டுற எண்) சுமார் 95. பாதி அகலம் 5 மி.மீ.யை அதால் வகுங்க: படலம் 0.05 மி.மீ.தான். அந்த ஒடுங்கின வழியில் மின்தடை அதிகம், அதனால் மின்னோட்டம் கொஞ்சம். செம்பிலோ சுவரே வழி விட்டுடுது. நொடிக்கு 10 செ.மீ. வேகம்னு வச்சா, காந்தப் பகுதியில் அழுத்த இழப்பு அக்ரிலிக்கில் சுமார் 90 பாஸ்கல், செம்பில் சுமார் 6,600. சின்ன பம்ப் திணறத்தான் செய்யும்.

இங்கே கல்பாக்கம் அணு உலையில் திரவ சோடியம் ஓடுற குழாய்களில் ஓட்டத்தை அளக்கிற காந்த மீட்டரும் இதே விளைவில்தான் வேலை செய்யுது. புலத்தில் பிறக்கிற மின்னழுத்தத்தை வச்சு வேகத்தைக் கண்டுபிடிப்போம்.

திருநகர் மாணவன்:
ரொம்ப நன்றிண்ணே. ஆனா செம்பில் நீங்க சொன்னதில் பாதிதான் காட்டுது, அதுவும் நாளுக்கு நாள் மாறுது. அக்ரிலிக்கில் 90க்கு மேலேயே வருது.

வில்லாபுரம் வாசகர்:
அந்தக் கணக்கு, உலோகம் செம்போடு முழுசா ஒட்டியிருக்குன்னு வச்சுப் போட்டது. காலியம் காற்றுப் பட்டதுமே ஆக்சைடு தோல் போடும். அது நடுவில் நின்னா தொடுமின்தடை ஏறும், இழப்பு குறையும். காலியம் செம்போடு வினையும் புரியும், அதான் ரீடிங் நிலைக்கலை. அக்ரிலிக்கில் கூடுதலா வர்றது, திரவம் காந்தப் பகுதிக்குள்ள நுழையுற, வெளியேறுற ரெண்டு இடத்திலும். புலம் திடீர்னு தொடங்கி முடியுற இடத்தில் மின்னோட்டம் நீளவாக்கில் சுழலும், அந்தக் கணக்கு 90க்குள்ள இல்லை.

செம்பை வச்சே செய்யணும்னா உள்பக்கம் மின்காப்புப் பூச்சு கொடுங்க. மோட்டார் ரீவைண்டிங் கடையில் காயிலுக்கு ஊத்துற வார்னிஷ் போதும், நல்லா காய விடுங்க. நாலு சுவருக்கும் பூசணும். காந்தமுனையைப் பார்த்த ரெண்டு சுவருக்கு மட்டும் பூசினா, மின்னோட்டம் மற்ற ரெண்டு சுவர் வழியா செம்புக்குள்ள போயிடும். அந்த மற்ற ரெண்டு சுவருக்கு மட்டும் பூசினாலும் இழப்பு பெருசா குறையாது. கீறல் விழுந்தாலும் மின்னோட்டம் அது வழியா செம்புக்குள்ள போயிடும். லூப்பில் எங்கேயும் அலுமினியம் வேண்டாம், காலியம் அதை அரிச்சுடும்.