குடும்பக் குழு: நாளைக்கு என்ன படம்?

அக்கா: நாளைக்கு ராத்திரி எல்லாரும் சேர்ந்து பார்க்க ஒரு படம் சொல்லுங்க. அடிதடி வேண்டாம். அப்பாவும் கடைசிவரை உக்காந்து பார்க்கணும்

நான்: தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி. 1999. டேவிட் லிஞ்ச் எடுத்தது

அண்ணா: லிஞ்ச்சா! கெட்ட கனவு மாதிரி படம் எடுக்கறவராச்சே, பசங்க ராத்திரி தூங்கணும்டி

நான்: இது வேற மாதிரி. டிஸ்னி வெளியிட்ட படம், அமெரிக்காவுல எல்லா வயசுக்கும்னு ஜி சான்றிதழ் வாங்கியிருக்கு

அத்தை: கதை என்னம்மா

நான்: ஆல்வினுக்கு 73 வயசு அத்தை. ரெண்டு கைத்தடி இல்லாம நடக்க முடியாது. கண் மங்கல், கார் ஓட்ட லைசென்சும் இல்ல. பத்து வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத கூடப்பிறந்தவருக்குப் பக்கவாதம்னு சேதி வருது

நான்: புல்வெட்டுற வண்டிக்குப் பின்னாடி டிரெய்லரைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடறாரு. அமெரிக்காவுல ஐயோவா மாநிலத்து லாரன்ஸ்ங்கிற ஊர்லேருந்து பக்கத்து மாநிலம் விஸ்கான்சின் வரைக்கும், அவரைப் பார்க்க

சித்தப்பா: நிஜமாவே 1994ல நடந்தது. சுமார் 386 கி.மீ., ஆறு வாரம். அந்த வண்டி மணிக்கு 8 கி.மீ.தான் போகும்

அண்ணா: யாராவது கார்ல கொண்டுபோய் விட்டா அரை நாள்ல முடிஞ்சிருக்குமே சித்தப்பா

நான்: நடுவழியில வண்டி ரிப்பேராகி நிக்கும்போது ஒருத்தர் அதையேதான் கேட்பாரு. வேண்டாம், என் வழியிலேயே முடிச்சிடறேன்னுடுவாரு. கார்ல போய் இறங்கினா அது நலம் விசாரிக்கப் போனதோட சரி. இப்படிப் போய் நின்னா, வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே மன்னிப்புக் கேட்டாச்சு. எனக்குப் படமே அதுதான்

சித்தப்பா: சரியாச் சொன்னே. சண்டை எதுக்குன்னு விவரமா சொல்லவே மாட்டாங்க. கோபம், வீம்பு, குடின்னு அவரே சுருக்கமா முடிச்சிடுவாரு. காரணம் தெரிஞ்சா நாம கட்சி கட்டிடுவோம். தெரியாததாலதான் ரெண்டு பேரும் சேரணும்னு மனசு அடிச்சுக்கும்

அத்தை: யாரு நடிச்சது

சித்தப்பா: ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த். சினிமாவுக்குள்ள ஸ்டண்ட் ஆளா வந்தவர். இந்தப் படம் எடுக்கும்போதே அவருக்குப் புற்றுநோய். நடக்கப் படற சிரமம் நடிப்பு இல்ல. 79 வயசுல சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரைல அவர் பேர் வந்தது. அதே வருஷம், 2000லயே இறந்துட்டாரு

அத்தை: அடப்பாவமே

நான்: உலகப் போர்ல நடந்ததை இன்னொரு முதியவர்கிட்ட சொல்ற இடம் ஒண்ணு வரும். குரல் உசரவே உசராது. எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு

சித்தப்பா: ஆல்வின் போன அதே ரோட்டுல, அவர் போன வரிசையிலேயே படமாக்கினாங்க. வயல், ஆகாசம் எல்லாத்தையும் அவசரமில்லாம பார்க்க விடுவாங்க

அண்ணா: சரி, ரெண்டு பேரும் சமாதானம் ஆகறாங்களா?

அக்கா: யாரும் முடிவைச் சொல்லக் கூடாது! நாளைக்கு 8 மணி. சின்னதுங்களுக்குச் சப்டைட்டில் படிச்சுச் சொல்ல ஆள் வேணும்

அண்ணா: நான் படிக்கறேன்

சித்தப்பா: பேச்சு கம்மி, சிரமம் இருக்காது. அவர் சும்மா உக்காந்திருக்கிற இடத்துல மட்டும் படத்தை வேகமா ஓட்டி விட்டுடாதே