வேதியியலின் 'அயனி'யும் கிரேக்கப் புராணத்தின் 'அயோன்' என்ற பெயரும் ஒன்றா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் 'அயோன்' நாடகத்தை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். டெல்பி கோயிலில் வளரும் அந்த இளைஞனின் பெயரும், மின்னாற்பகுப்புப் பாடத்தில் நாம் படித்த 'அயனி'யும் ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கின்றன. அவன் வழிவந்தவர்களே அயோனியர் என்னும் கிரேக்க இனப்பிரிவினர் என்பது கிரேக்கரின் நம்பிக்கை. பொருள்களின் மூலம் நீரே என்று கூறிய தேலீஸும் அயோனியர் என்பதால், அவர்களைச் சிறப்பிக்கவே வேதியியலார் இப்பெயரைச் சூட்டினார்களா?

மறுமொழி 1:
ஐயா, அப்படி எந்த நோக்கமும் அதில் இல்லை. மின்னாற்பகுப்பை ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே, அந்நாளில் வழங்கிய 'துருவம்' என்ற சொல், உலோக முனைகளே பொருளை ஈர்த்துப் பிரிக்கின்றன என்ற எண்ணத்தைத் தருவதால் அதை ஏற்கவில்லை. எனவே 1834-இல் கேம்பிரிட்ஜில் இருந்த அறிஞர் வில்லியம் ஹியூவெல்லுக்குக் கடிதம் எழுதிப் புதிய சொற்களைக் கேட்டார். 'போ, செல்' என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து ஹியூவெல் எடுத்துக் கொடுத்த 'அயான்' என்பதற்குச் 'செல்வது' என்பதே பொருள். அதுவே நம் அயனி.

மின்முனைகளுக்கும் அவ்வாறே பெயர்கள் அமைந்தன: 'ஆனோடு' என்றால் மேலேறும் வழி, 'கேத்தோடு' என்றால் கீழிறங்கும் வழி. புவியின் காந்தத்தன்மை கிழக்கிலிருந்து மேற்காகச் சுற்றும் மின்னோட்டத்தால் விளைவதாகக் கொண்டு, மின்னாற்பகுப்புக் கலத்தையும் அதே திசையில் வைத்துப் பார்த்தால், மின்னோட்டம் கரைசலுக்குள் நுழையும் முனை ஞாயிறு எழும் பக்கத்திலும், வெளியேறும் முனை அது மறையும் பக்கத்திலும் அமையும். இப்பெயர்கள் திசையைச் சொல்கின்றனவே அன்றி மின்சுமையைச் சொல்லவில்லை. வகுப்பில் இதை நான் அழுத்திச் சொல்வதுண்டு. ஏனெனில் டேனியல் மின்கலத்தில் ஆனோடாகிய துத்தநாகம் எதிர்மின்சுமை கொண்டது; அதையும் 'நேர்மின்வாய்' என்றே படிக்கும் மாணவர்கள் குழம்புவது இயல்பு.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆயினும் உங்கள் ஐயத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது என்பேன். நாடகத்தில், கோயிலைவிட்டு வெளியே வரும்போது முதலில் எதிர்ப்படுபவன் உன் மகன் என்று ஏதென்ஸ் அரசன் சூதஸுக்கு அருள்வாக்குக் கிடைக்கிறது. வெளியே வந்தவன் இந்த இளைஞனைக் காண்கிறான். தான் கருவறையிலிருந்து வெளியே செல்லும் வேளையில் எதிர்ப்பட்டதால் அவனுக்கு 'அயோன்' என்று பெயரிடுகிறான். யூரிப்பிடீஸ் இங்கே பெயருக்குக் காரணமாகக் காட்டும் வினையும், இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் ஹியூவெல் கையாண்ட வினையும் ஒன்றே.

ஆனால் அது நாடகாசிரியர் கற்பித்த பெயர்க்காரணம். மொழிநூல் அதை ஒப்புவதில்லை. ஹியூவெல் எடுத்தது குறில் ஒகரம் கொண்ட அஃறிணை வடிவம். பெயரில் வருவது நெடில் ஓகாரம். மேலும், ஹோமரின் இலியட் காப்பியத்தில் அயோனிய மக்கள் 'இயாவொனெஸ்' என்றே குறிக்கப்படுகிறார்கள். ஆகவே இனத்தின் பெயரே பழையது. அதற்கொரு மூதாதை வேண்டுமென்று அயோன் பின்னர் உருவானான் என்று கொள்வதே பொருத்தம். ஏதென்ஸின் பழைய நான்கு குலங்களுக்கும் அவனுடைய நான்கு புதல்வர்களின் பெயர்களே வழங்கின, கி.மு. 508-ஐ ஒட்டிக் ஏதென்ஸ் அரசியல் தலைவர் கிளைஸ்தனீஸ்தான் அந்த அமைப்பை மாற்றிப் பத்துக் குலங்களாக வகுத்தார். அந்த இனப்பெயரே பாரசீகத்தில் 'யௌனா' என்றும் வடமொழியில் 'யவன' என்றும் வழங்கியது. முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூறு சொல்லும் கலங்களுக்குரிய யவனரும் இப்பெயரால் அறியப்பட்டவர்களே.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஓர் ஐயம் எஞ்சுகிறது. உப்புக் கட்டியில் உள்ள சோடியமும் குளோரினும்கூட அயனிகள்தாம் என்கிறார்கள். அங்கே எதுவும் எங்கும் செல்வதில்லையே?

மறுமொழி 1:
ஃபாரடே அச்சொல்லை வழங்கியது, மின்னோட்டத்தின்போது முனைகளை நோக்கிச் செல்பவற்றுக்கு மட்டுமே. மின்னோட்டம் இல்லாதபோதும் கரைசலில் அவை பிரிந்தே இருக்கின்றன என்று வேதியியலார் அரேனியஸ் பின்னர் நிறுவினார். அதற்காக 1903-இல் நோபல் பரிசும் பெற்றார். 1913-இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்புப் படிகத்தை ஆராய்ந்தபோது, சோடியமும் குளோரினும் மாறிமாறி அடுக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. படிகத்தில் அவை இடம்பெயராமல் நிற்பதால்தான் திண்ம உப்பு மின்சாரத்தைக் கடத்துவதில்லை. 801 டிகிரி செல்சியஸில் உருகியதும், ஹியூவெல் இட்ட பெயருக்கேற்ப அவை செல்லத் தொடங்குகின்றன; உருகிய உப்பு மின்சாரத்தை நன்கு கடத்தும்.