புதுப்பிப்பு: பருவக்காற்றும் இலங்கையின் நங்கூரத் தலங்களும்

காலித் துறைமுகத்தைப் பற்றி முன்பு நான் தொடங்கிய இழையில், மே மாதத்திற்குப் பின் பாய்மரப் படகில் வருபவர்கள் எங்கே தங்கலாம் என்று சிலர் கேட்டிருந்தனர். திருகோணமலையே என் விடை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, காலிக்கு அருகிலுள்ள திறந்த குடாக்களில் அலையெழுச்சி படகை ஓயாமல் உருட்டுவதால், அங்கே இரவு நங்கூரமிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திருகோணமலை இருக்கும் கிழக்குக் கரையிலோ அதே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது.

திருகோணமலையின் உள்துறைமுகம் குன்றுகளாலும் நிலமுனைகளாலும் சூழப்பட்டிருப்பதால் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளிலிருந்தும் காக்கும். ஆனால் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைக்கு வடக்கே கடலுக்குத் திறந்துள்ள குடா, வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை உகந்ததன்று. கடல்மட்டத்தின் ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அது பெரிய கவலையில்லை. கவனிக்க வேண்டியது ஆழம்: கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரையை நெருங்கி வருவதால், நங்கூரம் எட்டும் அடித்தளத்தை வரைபடத்தில் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

நுழைவு அனுமதிக்கான முகவரைப் புறப்படும் முன்பே அமர்த்திக்கொண்டு, நுழைவு அனுமதி கோரும் அடையாளமான மஞ்சள் கொடியேற்றி, இயன்றவரை பகலிலேயே கரையை அணுகுங்கள். இரவில் மீன்வலைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.