தட்டை வாங்கக் கை நீட்டிய அப்பா: காந்தி பஜார் தோசையும் பிறவும்

பாலக்கோட்டான்:
பெங்களூரு காந்தி பஜாரில் இருக்கும் தோசைக் கடையான வித்யார்த்தி பவனைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்பாவோடு போயிருந்தேன். வாசலில் பெயர் கொடுத்துவிட்டு நின்றது, முகம் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்தது எல்லாம் வழக்கம்போலத்தான். என்னை உறுத்துவது வேறு. பரிமாறுபவர் வேட்டி சட்டையில், ஒரு கை நெடுகத் தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்தார். அப்பா வாழ்நாளெல்லாம் தக்காளிக் கூடை தூக்கியவர். ஒருவர் சுமையோடு வந்தால் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. சட்டென்று எழுந்து, "இப்படிக் கொடுங்கள்" என்று இரண்டு கைகளையும் நீட்டிவிட்டார். மேல் தட்டு ஆடியது. பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றுபோனது. அந்த மனிதர் இடுப்பை வளைத்து ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு தட்டும் சரியாமல் தப்பித்துக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அப்பாவும் ராயக்கோட்டைச் சந்தையில் கற்ற கன்னடத்தில் ஏதோ திருப்பிச் சொன்னார். இருவருக்கும் அப்படி ஒரு சிரிப்பு. என்ன பேசினீர்கள் என்று இன்றும் கேட்கிறேன். வாய் திறப்பதில்லை.

காவேரிப்பட்டணம்:
நண்பரே, அங்கே தோசைக்குச் சாம்பார் தருவதில்லை என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே! நான் கேட்டேன். எதிரே இருந்த பெரியவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவ்வளவுதான் என் கதை.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம். தருமபுரிக்காரர்கள் ஓசூர் வழி ரயிலில் போய், பெங்களூரு ரயில் நிலையத்தை ஒட்டிய மெஜஸ்டிக்கிலிருந்து பச்சை வழித்தட மெட்ரோவில் நேஷனல் கல்லூரி நிலையத்தில் இறங்குங்கள். மிச்சம் நடைதான், ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு தோசை சாப்பிடலாம். தோசை தடிமனாக, வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருக்கும். சட்னி நீர்த்தது. மேலே ஊற்றி ஊறவைத்துக் கெடுக்காமல் தொட்டுக்கொள்ளுங்கள். சுவரில் கன்னட எழுத்தாளர்களின் உருவப்படங்கள் இருக்கின்றன, பாருங்கள். 1943இல் தொடங்கிய கடை, மாணவர்களுக்காக வைத்த பெயர். மறுவேளைக்கு லால்பாக் பக்கத்து எம்.டி.ஆர். உணவகத்துக்குப் போய் ரவை இட்லி சாப்பிடலாம். இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் அங்கேதான் அது பிறந்தது என்பார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

பர்கூர் மாமரம்:
ரயிலாம் ரயில்! எங்கள் கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையமே கிடையாது. யாருக்கு வழி சொல்கிறீர்கள்? தோசைக்குச் சாம்பார் கேட்பதும் குற்றமில்லை. நம் ஊர் நாக்கு அப்படி.

எனக்கு நடந்தது பெங்களூரு சிக்பேட்டைப் பக்கம், நின்றபடியே சாப்பிடும் ஒரு சிறு சைவக் கடையில். காபிக்கு டோக்கன் வாங்கப் போனேன். பக்கத்தில் நின்ற ஆள் என்னைப் பார்த்து, "பை டூ?" என்றார். பழகியவர்கள்தான் ஒரு காபியை இப்படி இரண்டாகப் பங்கு போடுவார்கள். தலையாட்டிவிட்டேன். அவரே காசு கொடுத்தார், அவரவர் பாதியைக் குடித்தோம், தம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. முழுக் காபிக்கு அவரிடம் காசு இல்லையா, துணைக்கு ஆள் இல்லையா என்று இன்னும் யோசிக்கிறேன்.

அரூர் வாசகி:
எதற்கெடுத்தாலும் பெங்களூருதானா? தருமபுரியில் ஒரு களிக்கடை இருக்கிறது. மதியம் மட்டும். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், கொள்ளுச் சாறு. வேறு எதுவும் கேட்கக் கூடாது. சென்னைப் பையன் ஒருவன் களியை மென்றுகொண்டிருந்தான். கடைக்கார அம்மா கரண்டியோடு வந்து அவன் முன்னால் நின்றுவிட்டார். "மெல்லாதே தம்பி, பல்லில் ஒட்டும். கடைசலில் புரட்டி விழுங்கு." அவன் விழுங்கும்வரை அடுத்த கரண்டி விழவில்லை. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டு அவன் தொண்டையையே பார்த்தோம். இறங்கியது. அவன் கண்ணில் நீர். பச்சை மிளகாய்க் காரமா, வெட்கமா, தெரியவில்லை. அந்த அம்மா மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் இன்னொரு உருண்டையை வைத்துவிட்டுப் போனார்.

காவேரிப்பட்டணம்:
பர்கூர்க்காரரே, "தருமபுரிக்காரர்கள்" என்றுதானே எழுதியிருக்கிறேன்? படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள். அரூர் அக்கா, அந்தக் களிக்கடை பஸ் நிலையத்திலிருந்து எந்தப் பக்கம்?

அரூர் வாசகி:
சொல்ல மாட்டேன் தம்பி. இப்போதே ஒரு மணிக்குள் கடைசல் தீர்ந்துவிடுகிறது.