நெஞ்சுவலியோடு வருபவருக்கு முதல் பத்து நிமிடம்: செவிலியர் வழிகாட்டு நெறிப்படி நடக்கிறார்களா?

அரசலாறு:
இதய நோய் என்று ஐயப்படத்தக்க நெஞ்சுவலியோடு ஒருவர் வந்தால், பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அமெரிக்க நெறிகளும் ஐரோப்பிய நெறிகளும் ஒரே குரலில் கூறுகின்றன. கும்பகோணம் வட்டாரத்தில் மருத்துவராக நான் பார்த்தவரை, செவிலியரின் கை முதலில் செல்வது ஆக்சிஜன் முகமூடிக்குத்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 90 விழுக்காட்டுக்குக் குறையாத நோயாளிகளுக்கு அது உயிரிழப்பைக் குறைப்பதில்லை என்று, ஸ்வீடனில் 6,629 பேரிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது. படித்தவர்கள் ஏன் மாறவில்லை?

வெண்ணாறு:
ஐயா, செவிலியராகச் சொல்கிறேன்: நெஞ்சுவலி என்றால் மார்ஃபின் (வலிநீக்கி), ஆக்சிஜன், நைட்ரேட் (ரத்தக் குழாயை விரிக்கும் மருந்து), ஆஸ்பிரின் என்று மனப்பாடம் செய்ய வைத்தவர்கள் எங்கள் ஆசிரியர்கள். இன்றைக்கும் ஆக்சிஜன் வைக்காமல் விட்டால், "ஏன் சிஸ்டர் வைக்கவில்லை?" என்று கேட்பவர் பணி மருத்துவர்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் இரவுப் பணியில் ஒரே செவிலியர் இருக்கும்போது, பிரசவ அறையில் ஒரு தாய் வலியில் துடித்துக்கொண்டிருக்க, வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றால், பத்து நிமிடக் கணக்கை யாரிடம் கேட்பீர்கள்?

குடமுருட்டி:
நான் செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் நடத்துபவள். இருவரோடும் முழுமையாக உடன்படவில்லை. மாரடைப்பு என்று ஐயப்படுபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்துகளைக் கொடுக்க, 2023-இல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தைப் பாருங்கள். ஆஸ்பிரின் 300 மி.கி., குளோபிடோக்ரெல் 300 மி.கி., அட்டோர்வாஸ்டாட்டின் 80 மி.கி. என்று மருந்தும் அளவும் எழுத்தில் முடிவாகிவிட்டதால், அங்கே செவிலியர் தயங்குவதை நான் அதிகம் காணவில்லை. தடுமாற்றம் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. நடவு வயலிலிருந்து வரும் நடுத்தர வயதுப் பெண், அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லாமலே போகலாம். மேல்வயிறு கரிக்கிறது, வாயு பிடித்திருக்கிறது, மூச்சு வாங்குகிறது என்பார். அமிலத்துக்கு ஓர் ஊசி போட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். இதை வேலைப்பளு என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை, வெண்ணாறு.

வெண்ணாறு:
அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான் அம்மா. எங்கள் நிலையத்தில் நாற்பது வயதைக் கடந்த எவரும் "வாயு" என்று வந்தால் இ.சி.ஜி. எடுத்த பிறகே ஊசி என்று நாங்களாகவே வழக்கமாக்கிக்கொண்டோம். இதற்கு யாருடைய ஆணையும் இல்லை. ஆகவே ஆள் மாறினால் வழக்கமும் மாறிவிடும்.

அரசலாறு:
அப்படியானால் நேரத்தை எழுதி வையுங்கள். வந்த நேரமும் இ.சி.ஜி. எடுத்த நேரமும் பல பதிவேடுகளில் பிற்பாடு நிரப்பப்பட்டவை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. நாக்கடியில் நைட்ரேட் வைக்கும்போதும் அதே கவனக்குறைவு உண்டு. மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே இருக்கிறதா, சில்டெனாஃபில் போன்ற ஆண்மைக் குறைபாட்டு மாத்திரையை அண்மையில் எடுத்தாரா என்ற கேள்விகளுக்கு விடை எழுதப்பட்ட சீட்டு அரிது. கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறார்கள். அந்தக் கூச்சத்தால் நோயாளியின் அழுத்தம் சட்டென்று சரியலாம்.

வெண்ணாறு:
நேரத்தை எழுதுகிறோம், ஐயா, கேள்வியையும் கேட்கிறோம். நாங்கள் அனுப்பும் இ.சி.ஜி. படத்தை இரவு இரண்டு மணிக்குப் பார்த்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியா, தஞ்சாவூருக்கு அனுப்புவதா என்று சொல்லும் மருத்துவர் எத்தனை மணிக்குப் பதில் அளித்தார் என்பதற்கும் அதே சீட்டில் ஒரு கட்டம் வேண்டும். அதற்கு நீங்கள் சம்மதிப்பீர்களா?


அரசலாறு:
சம்மதம். கட்டத்தை நானே வரைந்து அனுப்புகிறேன். ஆக்சிஜன் செறிவுக்கும் அதில் ஓர் இடம் இருக்கும்.